ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு பின்னங்கள்: ஒரு சிக்கசா குடும்பத்தின் ஆவணத் தேடல்

டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் வசிக்கும், எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியின் குடும்பத்தைப் பற்றியது இந்த ஆய்வு. அவருடைய பாட்டி, அதாவது தாயைப் பெற்றவர், சிக்கசா பழங்குடியைச் சேர்ந்தவர் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதை ஆவணத்தோடு நிறுவி, ஓக்லஹோமாவின் ஏடா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சிக்கசா நேஷன் என்ற பழங்குடி அரசில் குடியுரிமை பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பெண்மணியின் மகன் என் நண்பர். பழைய பதிவேடுகளைத் துருவிப் பார்ப்பதில் எனக்கு இருக்கும் பித்து தெரிந்தவர் என்பதால், காகிதங்களை என்னிடம் கொண்டுவந்தார். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி எந்தப் பெயரையும் இங்கே எழுதவில்லை. பாட்டி என்று நான் சொல்லும் இடமெல்லாம் 1958இல் இறந்துபோன அந்த அம்மாளைத்தான் குறிக்கும்.

கையில் இருந்தவை மூன்று. முதலாவது, குடும்ப பைபிளுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த செய்தித்தாள் நறுக்கு: பாட்டியின் இரங்கல் குறிப்பு. இரண்டாவது, பாட்டியின் மகளுக்கு, அதாவது பெண்மணியின் தாய்க்கு, 1942இல் வாங்கிய தாமதப் பிறப்புச் சான்றிதழ். ஓக்லஹோமாவில் பிறப்பு இறப்புப் பதிவு 1908இல்தான் தொடங்கியது. கிராமப்புறங்களில் பல ஆண்டுகள் அது ஒப்புக்குத்தான் நடந்தது. போர்க்காலத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போக வயதுச் சான்று தேவைப்பட்டபோதுதான் பலர் தாமதச் சான்றிதழுக்கு ஓடினார்கள். அதில் பாட்டியின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் இருந்தது. மூன்றாவது, அமெரிக்க அரசு எடுத்த பழங்குடியினர் பதிவுப் பட்டியலில், உறவினர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் தேடிக் கண்டுபிடித்த ஓர் எண். அந்த எண்தான் இந்தக் குடும்பத்தை இத்தனை காலம் நகரவிடாமல் வைத்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பட்டியல் எதற்காக வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சிக்கசா மக்களின் பூர்விகம் இன்றைய வட மிசிசிப்பி, அலபாமா, மேற்கு டென்னசி பகுதிகள். 1832இல் போண்டோடாக் ஓடை உடன்படிக்கையின் மூலம் அந்த நிலத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1837இல் தங்கள் அண்டை இனமான சாக்டாக்களிடம் 5,30,000 டாலர் கொடுத்து, மேற்கே அவர்களுக்குரிய நிலப்பரப்பில் ஒரு பகுதியில் குடியேறும் உரிமையைப் பெற்றார்கள். சொந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள், போய்ச் சேரும் இடத்துக்கும் தங்கள் பணத்தையே கொடுத்தார்கள். 1856இல் டிஷோமிங்கோவைத் தலைநகராக்கித் தனி அரசியல் சட்டம் வகுத்துக்கொண்டார்கள். அங்கே நிலம் இனத்தின் பொதுச் சொத்து. தனிப் பட்டா கிடையாது.

அந்தப் பொதுநிலத்தை ஆளுக்கு இவ்வளவு என்று கூறுபோடத்தான் 1893இல் டாஸ் ஆணையம் அமைக்கப்பட்டது. 1898இன் கர்ட்டிஸ் சட்டம் அதற்கு அதிகாரம் கொடுத்தது. ஐந்து பழங்குடி நேஷன்களிலும் சேர்த்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பட்டியலில் ஏறியவர்கள் ஏறத்தாழ 1,01,000 பேர். 1907 மார்ச் 4ஆம் தேதி பட்டியலை மூடிவிட்டார்கள். இன்றுவரை சிக்கசா குடியுரிமைக்கு அடித்தளம் அதுதான். இரத்தவழிக் குடிமக்கள் என்ற பகுதியில் இருக்கும் ஒருவருடைய நேர் வாரிசு என்று காட்டினால் போதும். குறைந்தபட்ச இரத்த அளவு, அதாவது பழங்குடி மூதாதையர் வழி இத்தனை பங்கு, என்று எதுவும் இல்லை.

ஆகவே இந்தப் பட்டியலைக் குடும்ப வரலாற்றுக்காக யாரும் எழுதவில்லை. யாருக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்க எழுதியது. இதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால்தான், பட்டியலுக்காகக் குடும்பம் குடும்பமாக எழுதிய பதிவு அட்டையில் ஏன் சில விஷயங்கள் கொட்டிக் கிடக்கின்றன, சில விஷயங்கள் ஏன் அறவே இல்லை என்பது புரியும்.

இப்போது அந்தப் பட்டியல் எண். உறவினர் செய்தது எல்லோரும் செய்வதுதான். பிறப்புச் சான்றிதழில் இருந்த பாட்டியின் பெயரையும் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரையும் இறுதிப் பட்டியலின் அகரவரிசையில் தேடியிருக்கிறார். அதே பெயர், ஏறக்குறைய அதே வயது, ஒரே ஒருவர். ஆனால் அந்த எண் சிக்கசா ஃப்ரீட்மென் பட்டியலில் இருந்தது. ஃப்ரீட்மென் என்றால் சிக்கசாக்களிடம் அடிமைகளாக இருந்து உள்நாட்டுப் போருக்குப் பின் விடுவிக்கப்பட்ட கறுப்பின மக்களும் அவர்கள் வழிவந்தவர்களும். உறவினர் அத்தோடு காகிதங்களை மூடிவைத்துவிட்டார். குடும்பத்திலும் பேச்சு நின்றுபோனது. ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

பெயர் ஒத்துப்போனதில் வியப்பு ஏதுமில்லை. அடிமைகளை வைத்திருந்த சிக்கசா குடும்பங்களின் பெயரையே விடுதலைக்குப் பின் பலர் குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார்கள். அதனால் ஒரே பெயர் இரண்டு பட்டியலிலும் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஃப்ரீட்மென் அட்டையைக் கையில் எடுத்தால் வேறுபாடு உடனே தெரியும். இரத்த அளவுக்கான கட்டம் அங்கே கிடையாது. அதற்குப் பதில், இன்னாருடைய அடிமையாக இருந்தவர் என்று எழுத ஒரு கட்டம். தந்தையின் உடைமையாளர், தாயின் உடைமையாளர் என்று மேலும் கட்டங்கள். தந்தை சிக்கசாவாக இருந்தாலும் தாய் அடிமை வழி வந்தவர் என்றால் பிள்ளை இந்த அட்டைக்குத்தான் போகும். இதை எதிர்த்து 1907இல் பெட்டி லிகன் என்ற பெண்மணியும் அவரைப் போன்ற ஏராளமானோரும் தங்களை இரத்தவழிப் பட்டியலுக்கு மாற்றக் கோரி வழக்குப் போட்டார்கள். தோற்றார்கள். சிக்கசா நேஷன் ஃப்ரீட்மென்களைக் குடிமக்களாக ஏற்கவே இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஆளுக்கு 40 ஏக்கர். இரத்தவழிக் குடிமக்களுக்கு சராசரி மதிப்பில் 320 ஏக்கர்.

எனவே அந்த எண்ணை "வேறு யாரோ" என்று சும்மா அடித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பாட்டியே அவராகவும் இருக்கலாம் அல்லவா? 1910ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் தீர்த்துவைத்தது. அந்த ஃப்ரீட்மென் பெண் தெற்கே வேறொரு கவுண்டியில், அதே குடும்பப்பெயரோடு, தாயின் வீட்டில் இருக்கிறார். அதே கணக்கெடுப்பில் பாட்டி டிஷோமிங்கோவுக்கு அருகே, கணவரோடும் கைக்குழந்தையோடும் இருக்கிறார். ஆக, இருவர். அப்படியானால் பாட்டி இரத்தவழிப் பட்டியலில் ஏன் கிடைக்கவில்லை?

நறுக்கைத் திரும்பப் படித்தேன். அந்தக் காலத்து அமெரிக்கச் செய்தித்தாளின் இரங்கல் குறிப்பு திருமணமான பெண்ணுக்குப் பெரும்பாலும் சொந்தப் பெயரையே தருவதில்லை. கணவரின் முதலெழுத்துகள், கணவரின் குடும்பப்பெயர், முன்னால் ஒரு திருமதி. பாட்டியும் அப்படித்தான் அச்சேறியிருந்தார். சிக்கசா நேஷனின் மூலப் பட்டியலில் பதிவு பெற்றவர்களில் ஒருவர், டிஷோமிங்கோவில் 1891இல் பிறந்தவர், முழு இரத்தச் சிக்கசா, ப்ளூம்ஃபீல்டு பள்ளியில் படித்தவர், மெதடிஸ்ட் சபை உறுப்பினர் என்று நாலு வரி. பிறகு உயிரோடிருக்கும் உறவினர்: மகள்கள் மூவர், ஒருவர் கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டில், மற்றவர்கள் டெக்சஸில், ஏடாவில் ஒரு சகோதரி, இவரும் திருமதி இன்னார், சல்ஃபர் என்ற ஊரில் ஒரு சகோதரர்.

இரங்கல் குறிப்பில் எனக்கு எப்போதும் முதலில் கண் போவது இந்தக் கடைசிப் பத்திக்குத்தான். மேலே இருப்பதெல்லாம் துக்கத்தில் இருந்த மகளோ மருமகனோ நினைவிலிருந்து சொன்னது. ஆண்டு தவறும், ஊர் தவறும், பெருமை கூடும். உயிரோடிருப்பவர்களின் பட்டியலில் அவ்வளவாகத் தவறு நேராது. யாரையாவது விட்டுவிட்டால் அடுத்த நாளே சண்டை வரும் என்பதால் ஒவ்வொரு பெயரையும் எண்ணி எண்ணிக் கொடுத்திருப்பார்கள்.

சகோதரருக்கு மட்டும் முழுப்பெயர் அச்சாகியிருந்தது. ஆண் அல்லவா. அரிதான பெயரும்கூட. பாட்டியை விட்டுவிட்டு அவரை இரத்தவழிப் பட்டியலில் தேடினேன். உடனே கிடைத்தார். எண்ணிலிருந்து அட்டைக்குப் போனேன். தேசிய ஆவணக் காப்பகம் எம் 1186 என்ற வரிசையில் படமெடுத்து வைத்திருக்கும் பதிவு அட்டைகளில் அதுவும் ஒன்று. மூல ஆவணங்களில் பெரும்பகுதி ஃபோர்ட் வொர்த் காப்பகத்திலேயே இருக்கிறது.

அட்டையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மேல் மூலையில் வசிப்பிடம்: பனோலா கவுண்டி. அன்றைய சிக்கசா நேஷனில் பிக்கன்ஸ், போண்டோடாக், பனோலா, டிஷோமிங்கோ என்று நான்கு கவுண்டிகள். 1907க்குப் பிறகு மாநிலம் வரைந்த கவுண்டிகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. போண்டோடாக் என்ற பெயர் இரண்டு வரைபடத்திலும் உண்டு, எல்லைகள் வேறு. கீழே வரிசையாக ஆட்கள். முதல் வரியில் குடும்பத் தலைவர், இரத்தம் 1/4. இரண்டாவது வரியில் மனைவி, வயது 34, இரத்தம் 1/2. மூன்றாவது, நான்காவது வரிகளில் இரண்டு சிறுமிகள், வயது 14, 9. உறவு என்ற கட்டத்தில் மனைவியின் மகள்கள் என்று பொருள்படும் சுருக்கெழுத்து. குடும்பப்பெயர் வேறு. இரத்தம் 1/4. ஐந்தாவது வரியில் நாம் தேடி வந்த சகோதரர், வயது 2, இரத்தம் 3/8. வலப்பக்கம் ஒவ்வொருவருடைய தாய் தந்தையர் பெயர். சிறுமிகளின் தந்தை என்ற இடத்தில் ஒரு வெள்ளையரின் பெயரும், நேஷனின் குடிமகன் அல்லர் என்ற குறிப்பும். பதிவு நடந்தது 1898இல்.

முடிச்சு இங்கேதான் இருந்தது. பாட்டி, தாயின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளை. தாய் மறுமணம் செய்துகொண்டபின் சிறுமிகள் ஊரிலும் பள்ளியிலும் மாற்றாந்தந்தையின் பெயராலேயே அறியப்பட்டார்கள். 1942இல் பிறப்புச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்தபோதும் அந்தப் பெயரையே கொடுத்தார்கள். ஆணையத்தின் எழுத்தர் மட்டும் பெற்ற தகப்பனின் பெயரை எழுதினார். போதாக்குறைக்கு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறுமிகளுக்கும் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். அகரவரிசையில் எத்தனை முறை தேடினாலும் கிடைத்திருக்காது.

இரண்டு சிறுமிகளில் பாட்டி யார்? 9 வயதுச் சிறுமி 1889 வாக்கில் பிறந்தவள், இரங்கல் குறிப்பின் 1891க்கு அருகில் வருகிறாள். ஆனால் வயது நெருங்கி வருவதை மட்டும் வைத்து முடிவு கட்டுவது ஆபத்து. அட்டையின் அடியில் பின்னாளில் சேர்த்த ஒரு குறிப்பு உதவியது: மூன்றாம் எண் இன்னாரை மணந்துவிட்டார், திருமணச் சான்று 1902இல் தாக்கலாகியிருக்கிறது. அந்தக் கணவரின் குடும்பப்பெயர்தான் இரங்கல் குறிப்பில் ஏடா சகோதரிக்கு இருந்தது. அந்தச் சகோதரி 1960களில் இறந்தபோது வந்த இரங்கல் குறிப்பையும் தேடி எடுத்தேன். தனக்கு முன்பே மறைந்த தங்கை என்று பாட்டியின் திருமணப் பெயர் அதில் தெளிவாக இருக்கிறது. பெற்றோர் பெயர்களும் அட்டையோடு ஒத்துப்போகின்றன. மூத்தவள் அவர் என்றால் நான்காம் வரியில் இருப்பவள் பாட்டி.

இதுவும் ஊகத்தின் ஓரத்தில்தான் நிற்கிறது என்று ஒரு வழக்கறிஞர் சொல்லலாம். அதை உறுதியாக்கியது நிலப் பத்திரம். 1908 மே 27ஆம் தேதியின் சட்டம் பழங்குடியினரின் நிலத்தை இரத்தக் கணக்கில் வகைப்படுத்தியது. பாதிக்குக் குறைந்த இரத்தம் உள்ளவர்களின் நிலம் முழுக்க விற்பனைக்குத் திறந்துவிடப்பட்டது. பாதி முதல் முக்கால் வரை என்றால் வீட்டுமனைப் பங்குக்கு மட்டும் தடை. முக்காலும் அதற்கு மேலும் என்றால் முழுத் தடை. இரத்த அளவுக்குப் பட்டியலும், வயதுக்குப் பதிவு ஆவணங்களுமே முடிவான சாட்சி என்றும் அதே சட்டம் சொன்னது. அட்டையில் எழுத்தர் எழுதிய 1/4 என்ற பின்னம், பத்தாண்டு கழித்து நிலத்தைப் பறிகொடுக்கும் வாசலாக மாறியது. திறந்த வாசலில் நிலத் தரகர்கள் காத்திருந்தார்கள்.

பாட்டி அப்போது 19 வயதுப் பெண். அந்தச் சட்டப்படி பெண்களுக்கு 18 நிறைந்தால் போதும், மேஜர். கவுண்டி எழுத்தர் அலுவலகத்தின் விற்பவர் அட்டவணையில் அவருடைய கணவரின் பெயரைத் தேடியபோது 1909ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று வந்தது. கணவரும் மனைவியும் சேர்ந்து விற்றிருக்கிறார்கள். நிலத்தின் விவரத்தை அடுத்து, இது இன்ன எண்ணுள்ள இரத்தவழிச் சிக்கசாவுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் என்று பட்டியல் எண்ணோடு எழுதியிருக்கிறது. நான்காம் வரிச் சிறுமியின் எண். திருமணப் பெயரும் பட்டியல் எண்ணும் ஒரே தாளில் சேர்ந்து நிற்கும் ஆவணம் இந்தக் குடும்பத்துக்கு அது ஒன்றுதான். குடும்ப வரலாறு தேடுபவர்கள் நில ஆவணங்களை ஏன் கடைசியில் பார்க்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்காத விஷயம். நிலத்துக்காக எழுதிய பட்டியல் நிலம் கைமாறிய இடத்தில்தானே மறுபடி தலைகாட்டும்?

அந்த நிலம் இருந்த ஜான்ஸ்டன் கவுண்டி, நிலப் பங்கீட்டுக் காலத்தில் சிக்கசா ஆளுநராக இருந்த டக்ளஸ் ஜான்ஸ்டனின் பெயரைத் தாங்கியது. ஆளுநராவதற்கு முன் ப்ளூம்ஃபீல்டு பெண்கள் பள்ளியை நடத்தியவரும் அவர்தான். 1852இல் தொடங்கிய அந்தப் பள்ளி பனோலா கவுண்டிப் பகுதியில், சிவப்பாற்றுக்குச் சற்று வடக்கே இருந்தது. இரங்கல் குறிப்பில் வந்த பள்ளியின் பெயரும் அட்டையில் இருந்த கவுண்டியின் பெயரும் இங்கே பொருந்தி வருகின்றன. குறிப்பில் டிஷோமிங்கோவில் பிறந்தார் என்பதுதான் பிசகு. பின்னாளில் வாழ்ந்த ஊரைப் பிறந்த ஊராக்குவது இரங்கல் குறிப்புகளுக்கே உரிய பழக்கம்.

முழு இரத்தச் சிக்கசா என்ற சொல்லைப் பற்றிப் பெண்மணி வருத்தத்தோடு கேட்டார்: "அப்படியென்றால் அம்மா பொய் சொன்னார்களா?" நறுக்குக்கான விவரங்களைக் கொடுத்தது அவருடைய தாய்தான் போலும். அட்டையில் கால் பங்கு, குறிப்பில் முழு. எது உண்மை என்று கேட்டால், இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள் என்றுதான் சொல்வேன். சிக்கசாக்கள் தாய்வழிச் சமூகம். பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. தந்தை யாராக இருந்தாலும் அது மாறாது. அந்தக் கணக்கில் பாட்டி, அக்கா, தம்பி மூவரும் ஒரே குலம், ஒரே அளவு. அரைகுறை என்ற பேச்சே எழாது. ஆணையத்தின் எழுத்தர் தாயையும் தந்தையையும் கூட்டி இரண்டால் வகுத்தார். தாய் 1/2, வெளித் தந்தை பூஜ்யம்: மகள்கள் 1/4. தாய் 1/2, இரண்டாம் கணவர் 1/4: மகன் 3/8. ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்த வரிகளில் வேறு வேறு பின்னங்களாக நிற்கிறார்கள்.

அந்தப் பின்னங்களும் எடைபோட்டுப் பார்த்து எழுதியவை அல்ல. குடும்பத்தார் சொன்னதையும் எழுத்தருக்குத் தோன்றியதையும் வைத்து எழுதியவை. உடன்பிறந்தவர்களே வெவ்வேறு அட்டைகளில் வெவ்வேறு அளவோடு இருப்பதை இந்தப் பதிவுகளைப் புரட்டிய எவரும் பார்த்திருப்பார்கள். ஆக, அட்டையை வைத்து மகளைப் பொய்யராக்க நான் தயாரில்லை. அரசு தரும் இரத்த அளவுச் சான்றிதழில் மட்டும் அட்டையின் பின்னம்தான் ஏறும். அதிலிருந்து தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிக்கொண்டே வரும். பாட்டியின் கணவர் வெள்ளையர், மகளின் கணவரும் அப்படியே. பெண்மணிக்கு வருவது 1/16. குடியுரிமைக்கு அது தடையே இல்லை என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

இரங்கல் குறிப்பை அலுவலகத்தில் கொடுத்தால் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வழிகாட்டத்தான் அது. அலுவலகத்துக்குத் தேவை, தலைமுறை ஒவ்வொன்றையும் பிணைக்கும் அரசுச் சான்று. பெண்மணியின் பிறப்புச் சான்று அவரைத் தாயோடு பிணைக்கிறது. தாயின் தாமதச் சான்று பாட்டியோடு பிணைக்கிறது. ஆனால் மாற்றாந்தந்தையின் பெயரில். அந்த இடைவெளியை அடைக்க அட்டையின் நகல், 1909 பத்திரத்தின் சான்றிட்ட நகல், 1910 கணக்கெடுப்புப் பக்கம் ஆகியவற்றோடு ஒரு விளக்கக் கடிதமும் வைத்து விண்ணப்பம் ஏடாவுக்குப் போயிருக்கிறது. ஃப்ரீட்மென் அட்டை எங்கள் பாட்டியுடையது அல்ல என்பதற்கான காரணத்தையும் கடிதத்தில் எழுதச் சொன்னேன். பழைய எண்ணை உறவினர் யாராவது வேறு விண்ணப்பத்தில் கொடுத்திருந்தால் குழப்பம் வரக்கூடும்.

மேலே ஏறும் வேலை தனி. அட்டையில் பாட்டியின் தாய்க்கு நேராக, அவருடைய தாயின் பெயரும் "இறந்துவிட்டார், பனோலா" என்ற குறிப்பும் இருக்கின்றன. 1896, 1893, 1890 என்று நேஷனே எடுத்த கணக்குகளில் பின்னோக்கிப் போகலாம். அதற்கும் முன்னே 1847ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. அது குடும்பத் தலைவர்களின் பெயரையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் மட்டுமே சொல்கிறது. தாய்வழியாக எண்ணிய ஒரு சமூகத்தின் தாய்மார் பலர் அங்கே வெறும் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். சல்ஃபரில் உள்ள சிக்கசா பண்பாட்டு மையத்தின் ஆய்வுப் பிரிவில் அடுத்து இதைத்தான் கேட்கவிருக்கிறோம். அதற்கு முன் சகோதரரின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். தாயின் தாயைப் பற்றி அந்தக் கிளையில் ஏதாவது காகிதம் மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. சகோதரரின் இரங்கல் குறிப்பின் கடைசிப் பத்தியில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன. முதல் கடிதம் போய்விட்டது.